லேப்டாப் ஸ்பீக்கரில் கரகரப்பு: ஸ்பீக்கரை மாற்றணுமா?

கேள்வி:
விண்டோஸ் 11 லேப்டாப். பாட்டு ஓடும்போது நடுநடுவே கரகரன்னு வருது, சில நொடியில் தானா சரியாகுது. வால்யூம் 30-ல் வைத்தாலும் அதே கதை. சர்வீஸ் கடையில் ஸ்பீக்கரை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதையெல்லாம் பார்க்கணும்?

பதில் 1:
ஸ்பீக்கரில் இப்போதைக்குக் கை வைக்காதீங்க. ஸ்பீக்கருக்குள் அதிரும் கூம்பு (கோன்) கிழிந்திருந்தால் கரகரப்பு ஒவ்வொரு முறையும் பாட்டின் அதே இடத்தில் வரும், வால்யூம் கூட்டினால் கூடும். வந்து வந்து போகிறது என்றால் பெரும்பாலும் சாஃப்ட்வேர்தான்.

ஒரு யூஎஸ்பி ஹெட்செட் போட்டுக் கேளுங்க. 3.5 எம்எம் ஜாக் இந்தச் சோதனைக்கு உதவாது, அதுவும் ஸ்பீக்கரும் ஒரே ஆடியோ சிப்பில்தான் ஓடுகின்றன. யூஎஸ்பி ஹெட்செட்டில் தனி சிப் இருக்கிறது. அதிலும் கரகரத்தால் கோளாறு சிஸ்டத்தில். அதில் சுத்தமாக இருந்து, ஜாக்கிலும் ஸ்பீக்கரிலும் மட்டும் வந்தால் ஆடியோ டிரைவரை (சிப்பை இயக்கும் சாஃப்ட்வேர்) பாருங்க. ஸ்பீக்கரில் மட்டும் என்றால், செட்டிங்ஸ் - சிஸ்டம் - சவுண்ட் போய், ஸ்பீக்கரைத் திறந்து ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை (விண்டோஸ் சேர்க்கும் ஒலி மெருகூட்டல்) ஆஃப் செய்த பிறகு முடிவு பண்ணுங்க.

கேள்வி கேட்டவர்:
யூஎஸ்பி ஹெட்செட்டிலும் வருது.

பதில் 2:
அப்போ டிபிசி லேட்டன்சி, அதாவது டிரைவர்களின் பின்னணி வேலையால் வரும் தாமதம் என்று சந்தேகப்படலாம். விண்டோஸ் ஆடியோவை வழக்கமாக 10 மில்லிசெகண்ட் துண்டுகளாக பஃபரில் (தற்காலிக நினைவிடம்) நிரப்பும். அந்த நேரத்தில் வேறொரு டிரைவர் சிபியுவைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் அடுத்த துண்டு தாமதமாகும். காதில் விழுவது அந்த இடைவெளிதான்.

லேட்டன்சிமான் என்ற இலவச டூலைப் போட்டு, பாட்டை ஓடவிட்டு 10 நிமிஷம் விடுங்க. பிறகு டிரைவர்ஸ் டேபில் 'ஹையஸ்ட் எக்ஸிக்யூஷன்' என்ற நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கினால் குற்றவாளி மேலே வரும். என்டிஐஎஸ்.சிஸ் என்றால் நெட்வொர்க் பக்கம்: வைஃபையை அணைத்து, டவுன்லோட் செய்த பாட்டைக் கேளுங்க. கரகரப்பு நின்றால் வைஃபை டிரைவரை லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்க. ஏசிபிஐ.சிஸ் வந்தால் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் இருக்கிறதா பாருங்க. அப்டேட் முடியும்வரை சார்ஜரைக் கழற்றக் கூடாது. என்விஎல்டிடிஎம்கேஎம்.சிஸ் என்றால் என்விடியா டிரைவர், அதை 'க்ளீன் இன்ஸ்டால்' ஆக (பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக) போடணும்.

பதில் 3:
மேலே சொன்னது சரி. ஸ்பீக்கரில் மட்டும் வருகிறவர்களுக்கு ஒன்று: சவுண்ட் பேலன்ஸில் இடதை 0 ஆக்கி வலதை மட்டும் கேளுங்க, பிறகு மாற்றிக் கேளுங்க. ஒரே பக்கம் என்றால், 100-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் டோனை நடுத்தர வால்யூமில் ஓடவிட்டு, அதிர்கிற இடத்தில் பாம்ரெஸ்ட் (கீபோர்டுக்கு முன்னால் கை வைக்கும் இடம்) மூலையை விரலால் அழுத்துங்க. சத்தம் அடங்கினால் ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. அடி மூடி ஸ்க்ரூவோ ஸ்பீக்கரின் ரப்பர் புஷ்ஷோ தளர்ந்திருக்கும்.

பாட்டு தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் 'டப்' என்று வருவது வேறு விஷயம். ஆடியோ சிப் தூங்கி எழும் சத்தம் அது. லினக்ஸில் ஆடியோ மாட்யூலின் பவர்_சேவ் மதிப்பை 0 ஆக்கினால் நிற்கும், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.