மழை பொய்த்தால் ஓர் அரசே அழியுமா? ஆப்பிரிக்க வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

படுவான்கரை விவசாயி:
கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேளாண்மை செய்கிறேன். இம்முறை சிறுபோக (கோடைகால நெல்) ஆரம்பக் கூட்டத்தில் குளத்து மட்டத்தைப் பார்த்துவிட்டு, பாதிக் காணிக்குத்தான் தண்ணீர் என்றார்கள். மூன்று ஏக்கரில் ஒன்றரைதான் விதைத்தேன். கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்தில், மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று பிடித்தது. வாய்க்கால் கடைசியில் கிடந்த என் வயலுக்குத் தண்ணீர் எட்டவே இல்லை, எல்லாம் பதராகிப் போனது. மேல் வயல்கள் விளைந்தன. ஆப்பிரிக்காவில் பெரிய அரசுகள் வறட்சியால் அழிந்தன என்று மகள் பள்ளியில் படித்துவிட்டு வந்து சொல்கிறாள். வறட்சி மட்டுமா அழித்தது?

கல்முனை ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, உங்கள் வயலை நினைக்க மனம் கஷ்டமாக இருக்கிறது. நான் 30 வருடம் வரலாறு படிப்பித்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கென்யாவில் நைவாஷா என்று ஓர் ஏரி. அதன் அடிச்சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, எந்தக் காலத்தில் தண்ணீர் ஏறியது, எப்போது வற்றியது என்று கணக்கிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. 1000 முதல் 1270 வரை இன்றையதைவிட வறண்ட காலம். பிறகு மழை கூடியது, ஆனால் இடையில் மூன்று நீண்ட வறட்சிகள்: 1390–1420, 1560–1625, 1760–1840. கடைசியது 80 வருடம். பாட்டன் பட்டதைப் பேரனும் பட்டிருப்பான். அந்தப் பகுதி மக்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த பஞ்சம், இடப்பெயர்வு, குழப்பக் கதைகள் இந்தக் காலங்களோடு பொருந்தின. கிழவிகள் சொன்னதைச் சேறும் சொன்னது. இதைப் படித்த நாளில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் வடக்கு எல்லையில் ஓடும் லிம்போபோ ஆற்றங்கரையில் மாபுங்குப்வே என்ற அரசு 13ஆம் நூற்றாண்டில் ஓங்கியிருந்தது, அந்த நூற்றாண்டு முடியும்போது மக்கள் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டார்கள். வறட்சிதான் காரணம் என்று நெடுநாள் எழுதினார்கள். பொன் வணிகம் வடக்கே மகா சிம்பாப்வே என்ற நகரத்தின் பக்கம் திரும்பியதையும் இப்போது சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் அமெரிக்காவிலிருந்து வந்த சோளன் (மக்காச்சோளம்) பரவியது. நல்ல மழைக் காலத்தில் விளைச்சல் கூடியது, சனமும் பெருகியது. ஆனால் அங்கே முன்பே விளைந்த இறுங்கு என்ற சிறுமணித் தானியம் தாங்குகிற வெயிலைச் சோளன் தாங்காது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது வந்த பஞ்சத்தை சூலு மக்கள் 'மட்லத்துலே' என்றார்கள். 'தின்றுவிட்டுப் பேசாதிரு' என்று பொருள். கிடைத்ததைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் தின்ற காலம். பிறகு அந்தப் பகுதியில் நடந்த போர்களுக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்பவர்கள் உண்டு.

அக்கரைப்பற்று வயற்காரன்:
சேர் சொன்னதோடு எத்தியோப்பியாவையும் சேர்க்க வேண்டும். 1888 முதல் 1892 வரை பெரும் பஞ்சம். மழை இல்லை என்பது பாதிக் கதைதான். மாட்டுக் கொள்ளைநோய் வந்து உழவு எருதுகள் செத்துவிட்டன. மழை பெய்த இடத்திலும் ஏர் பூட்ட மாடில்லை. உழவு இயந்திரம் வருமுன் எருமை கட்டிப் பிழைத்தவர் என் வாப்பா, அவர் இருந்திருந்தால் இதைக் கேட்டு அழுதிருப்பார்.

லிம்போபோ பக்கத்து லொவேடு மக்களுக்கு மோஜாஜி என்ற மழை அரசி உண்டு. அவர் மழை தருவார் என்று அயல் அரசர்களும் பரிசு அனுப்பினார்கள். நாங்கள் மழை வேண்டித் திடலில் தொழுவோம், உங்கள் ஊரில் வைகாசியில் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடுவீர்கள். அந்தச் சனத்தின் மனம் எனக்கு நன்றாக விளங்குகிறது.

படுவான்கரை விவசாயி:
சேருக்கும் அக்கரைப்பற்றுக் காக்காவுக்கும் நன்றி. 'தின்றுவிட்டுப் பேசாதிரு' என்ற பெயரை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். மாரிகாலப் பெரும்போகக் கூட்டத்தில் கடைசி வயல்களுக்கு முதல் முறைத் தண்ணீர் கேட்கப் போகிறேன். வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டை விதானை அண்ணனிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.