எச்.ஐ.வி. ஆய்வுக்கு வருபவர் குரங்கு வைரஸ்களோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

கேள்வி (முதுநிலை மாணவர்):
முதுநிலை நுண்ணுயிரியல் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். எச்.ஐ.வி.யில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பிச் சில ஆய்வுக்கூடங்களின் திட்ட விவரங்களைப் படித்தேன். பெயர் எச்.ஐ.வி. ஆய்வுக்கூடம் என்றிருந்தாலும், உள்ளே பலரும் குரங்குகளைத் தாக்கும் எஸ்.ஐ.வி., மனிதரில் குறைவாகவே காணப்படும் எச்.ஐ.வி.-2, சில இடங்களில் எலி ரெட்ரோவைரஸ் (தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும் வைரஸ் குடும்பம், எச்.ஐ.வி.யும் இதைச் சேர்ந்ததே) என்று வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் வந்துவிட்ட நிலையில், மனிதரைப் பெருமளவில் தாக்கும் எச்.ஐ.வி.-1-ஐ விட்டு அதன் உறவினர்களிடம் ஐந்தாறு ஆண்டுகளைச் செலவிடுவது சுற்றுவழி ஆகாதா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வைரஸ் ஆய்வாளர்):
எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதே அந்தச் சுற்றுவழியில்தான். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் பிரான்சுவாஸ் பாரே-சினுசி 1970-களில் ஆராய்ந்தது, எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஃபிரெண்ட் வைரஸை. ரெட்ரோவைரஸ்களின் அடையாளமான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியை அளப்பதில் அவருக்கு இருந்த கைப்பழக்கம் அங்கே வந்ததுதான். 1983 ஜனவரியில் ஒரு நோயாளியின் நிணநீர்க்கணுத் துண்டு லுக் மோந்தாஞ்ஞியேவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது, அதிலிருந்து வளர்த்த உயிரணுக்களின் நீர்மத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்து அந்த நொதியை அளந்து வந்தார். அளவு ஏறியது, ஏறிய வேகத்தில் இறங்கவும் தொடங்கியது, ஏனெனில் உயிரணுக்கள் மடிந்துகொண்டிருந்தன. வேறொருவராக இருந்தால் வளர்ப்பு கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கக்கூடும் (நானே அப்படிப் பல தட்டுகளைக் கொட்டியிருக்கிறேன்). அவர்களோ ரத்ததானம் செய்தவர் ஒருவரின் வெள்ளணுக்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். நொதியின் அளவு மீண்டும் ஏறியது. அதே ஆண்டு மே மாதத்தில் கட்டுரை வெளியாயிற்று. 2008-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த பிறகு பாரே-சினுசி குரங்கு வைரஸ்களையும் ஆராய்ந்தார். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளின் ரத்தத்தில் எஸ்.ஐ.வி. ஏராளமாக இருந்தும் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவது அரிது. தொற்றின் தொடக்கத்தில் பொங்கியெழும் நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றில் விரைவில் அடங்கிவிடுகிறது, மனிதரில் அடங்குவதில்லை. நோயை உண்டாக்குவது வைரஸின் எண்ணிக்கை மட்டுமல்ல என்பதை அந்தக் குரங்குகளைப் பார்க்காமல் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க முடியாது.

மறுமொழி 2 (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்):
மூலக்கூறு அளவிலும் இதே கதைதான். எச்.ஐ.வி.-1 ரீசஸ் குரங்கின் உயிரணுவுக்குள் நுழைந்தபின் முடங்கிப்போகிறது. அதற்குக் காரணமான டிரிம்5-ஆல்ஃபா என்ற புரதம் 2004-இல் அடையாளம் காணப்பட்டது. அது வைரஸின் மரபுப்பொருளைப் பொதிந்திருக்கும் கேப்சிட் கூட்டைப் பற்றிக்கொள்கிறது. கேப்சிட்டைப் பற்றி இப்படிப் பல கோணங்களில் சேர்ந்த அறிவின் பின்னணியில்தான், அந்தக் கூட்டையே இலக்காகக் கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடும் லெனகாபவிர் என்ற மருந்து 2022-இல் சிகிச்சைக்கு ஒப்புதல் பெற்றது. எச்.ஐ.வி.-2-ஐயும் குறைத்து மதிப்பிட வேண்டாம். அது சூட்டி மாங்கபே குரங்கிடமிருந்து வந்தது, எச்.ஐ.வி.-1-இல் இல்லாத விபிஎக்ஸ் என்ற புரதம் அதில் உண்டு. அந்தப் புரதம் எதை அழிக்கிறது என்று தேடிப் போனவர்கள்தான் 2011-இல் சாம்ஹெச்டி1 என்ற மனிதத் தற்காப்புப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள்.

மறுமொழி 3 (தடுப்பூசி ஆய்வில் இருப்பவர்):
மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் எந்த உறவினரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். எச்.ஐ.வி.யின் உறையை எஸ்.ஐ.வி.க்குப் பொருத்திச் செய்த ஒரு கலப்பு வைரஸின் விளைவிலிருந்து குரங்குகளைக் காத்த தடுப்பூசி முறை, கடுமையான எஸ்.ஐ.வி.யின் முன் அந்த அளவுக்கு நிற்கவில்லை. அதே வகைத் தடுப்பூசியை மனிதரில் சோதித்த ஸ்டெப் சோதனை பயனில்லை என்று 2007-இல் நிறுத்தப்பட்டது. எளிதாகத் தோற்கும் எதிரியை வைத்துப் பயிற்சி எடுத்தோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மருந்துகள் வந்துவிட்டன என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை: மரபணுவோடு பிணைந்து உறங்கும் வைரஸை இன்றைய மருந்து தொடுவதில்லை, நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பி வந்துவிடுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. டிரிம்5 போன்ற தற்காப்புப் புரதங்களின் பக்கம் மனம் சாய்கிறது. அதற்கு ஆபத்தான கிருமிகளைக் கையாள்வதற்கான மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்புக் கூடம் கட்டாயமா?

மறுமொழி 2:
பெரும்பகுதிக்குத் தேவைப்படாது. வேறொரு வைரஸின் உறையைப் போர்த்திய, ஒரே ஒரு முறை மட்டும் உயிரணுவுக்குள் நுழையக்கூடிய, பெருக முடியாத வைரஸ்களைக் கொண்டு இரண்டாம் நிலைக் கூடத்திலேயே செய்யலாம். முழு வைரஸைப் பெருக்கி முடிவை உறுதிசெய்யும் கட்டத்தில்தான் மூன்றாம் நிலை தேவைப்படும். விண்ணப்பிக்கும் இடத்தில் அந்த வசதி சொந்தமாக இருக்கிறதா, மற்றவர்களோடு முறை வைத்துப் பயன்படுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வரிசையில் காத்திருந்தே ஏறக்குறைய ஓராண்டு போயிற்று.