ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ரெண்டு தடவை கொடுத்தும் தாடை வீக்கம் குறையல, யாராவது சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் 14 ஆடு வளர்க்கிறேன். மலபாரி கலப்பு. ரப்பர் தோட்டத்துப் புல்லுலதான் மேய்ச்சல். குட்டி போட்டு மூணு வாரமான ரெண்டு தாய் ஆட்டுக்கு தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது, கண்ணோட உள் இமை வெளுத்துப் போச்சு. கழிச்சல் கிடையாது. ஆல்பென்டசோல்ங்கிற குடற்புழு மருந்தை ரெண்டு தடவை கொடுத்தேன், ஒரு மாற்றமும் இல்ல. மருந்து அளவுக்கு எடையைக் கண் மதிப்பாத்தான் பார்த்தேன், அளவு குறைஞ்சது என் தப்பாவும் இருக்கலாம்.

நாலாம் இரைப்பையில இருந்து ரத்தம் குடிக்கிற ஹீமோங்கஸ் புழுவா இருக்கும்னு மருத்துவர் சொன்னார். ஈனுற சமயத்துல தாயோட எதிர்ப்புசக்தி இறங்கிடும், அப்போ புழு முட்டை சாணத்துல நிறைய விழும், அந்தப் புல்லை மேயுற குட்டிக்கு எதிர்ப்பு இன்னும் வந்திருக்காதாம். நமக்கோ வருஷத்துல ரெண்டு மழைக்காலம், புல்லு காயவே காயாது.

ஆச்சரியம் என்னன்னா, அதே புல்லை மேயுற ஒரு கிழட்டு ஆடு கல்லு மாதிரி நிக்குது! அதோட பெட்டைக்குட்டியை இனத்துக்கு நிறுத்தினா அந்தத் தாங்குற குணம் வருமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

இன்னொண்ணு, மருந்துக்கு முன்னாடியும் 14 நாள் கழிச்சும் சாணத்துல புழு முட்டை எண்ணிக்கை பார்த்தவங்க யாராவது உண்டா? ஆல்பென்டசோல் கேட்காத இடத்துல லெவாமிசோல்ங்கிற இன்னொரு புழு மருந்து கேட்டுதா? தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சாணம் எங்க கொடுத்துப் பார்க்கலாம்? ஒரு தாய் இன்னைக்குக் காலையில இருந்து தீவனம் எடுக்கல.