ஜேஆர்எஃப் நின்றுவிட்டது, ஆய்வுப் படத்துக்கும் பணமில்லை. என்ன செய்யலாம்?

உப்பளத்து_ஆய்வாளர்:
வணக்கம். காட்சித் தொடர்பியலில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்ததால்தான் சேர முடிந்தது. தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய ஆய்வு, ஆய்வேட்டோடு ஓர் ஆவணப்படமும் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு மாதமாக உதவித்தொகை வரவில்லை. வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு எல்லாம் சரியாகவே இருக்கிறது. பல்கலையில் கேட்டால் யுஜிசியைக் கேள் என்கிறார்கள், அங்கே எழுதினால் பல்கலையைக் கேள் என்கிறார்கள். படப்பிடிப்புச் செலவு வேறு. வெயில் ஏறிய பிறகு போனில் எடுத்தால் ஒன்று உப்பு வெளுத்துப்போகிறது, இல்லை அந்த அக்காக்களின் முகம் கருத்துப்போகிறது. நல்ல கேமரா வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
முதலில் பணம் நின்ற காரணத்தைப் பார்ப்போம். யுஜிசி ஃபெலோஷிப் கனரா வங்கி போர்ட்டல் வழியாக வருகிறது. நீங்கள் ஆய்வில் தொடர்கிறீர்கள் என்று உங்கள் நிறுவனத்தின் மேக்கர் (பதிவிடும் அலுவலர்) மாதாமாதம் பதிவிட, செக்கர் (சரிபார்க்கும் அலுவலர்) அதற்கு ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் விட்டாலும் அந்த மாதத் தொகை வராது. அதனால் யுஜிசிக்கு மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருக்காமல் உங்கள் ஃபெலோஷிப் பிரிவுக்கு நேரில் போங்கள். மேக்கர் யார், செக்கர் யார், எந்த மாதம் வரை பதிவாகியிருக்கிறது, இந்த மூன்றையும் கேளுங்கள். வாய்மொழியாக விடாமல் நெறியாளர் கையொப்பத்துடன் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுப்போன மாதங்களை நிலுவையாகக் கேட்க அந்த நகல்தான் கைகொடுக்கும்.

கீழ்வானம்:
பணத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000, அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 42,000. அது உங்கள் வயிற்றுப்பாட்டுக்கும் வாடகைக்கும். அதைப் படத்தில் போட ஆரம்பித்தால் படிப்பே நின்றுபோகும், தயவுசெய்து செய்யாதீர்கள். கலைப்புலத்துக்கான கன்டின்ஜென்சி, அதாவது ஆய்வின் உதிரிச் செலவுக்கான தொகை, முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 10,000 தான், அப்புறம் 20,500. களப்பணிச் செலவை அதில் காட்டலாம், ஆகவே தூத்துக்குடி பயண டிக்கெட், ரசீது எதையும் தூக்கிப்போடாதீர்கள். கேமரா வாடகை சேருமா என்பதை நிதிப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிட்டுச் செலவழியுங்கள்.

கேமராவுக்கு நான் சொல்லும் வழி வேறு. மதுரை காமராசர் பல்கலையில் யுஜிசியின் பல்லூடக ஆராய்ச்சி மையம், அதாவது இஎம்எம்ஆர்சி, இருக்கிறது. கல்வி நிகழ்ச்சிகள் தயாரிக்கிற இடம். உங்கள் துறைத்தலைவர் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். மறுத்தாலும் நஷ்டமில்லை.

மலைக்கோட்டை:
இதோடு ஒரு எச்சரிக்கை. ஜேஆர்எஃப் வாங்கும் காலத்தில் வேறு எங்கிருந்தும் சம்பளமோ உதவித்தொகையோ வாங்கக் கூடாது. பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற கலை அமைப்பு கலை ஆய்வுகளுக்கும் நல்கை (நிதியுதவி) தருகிறது, விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருந்துமா என்று அவர்களிடமும், வாங்கலாமா என்று பதிவாளர் அலுவலகத்திலும் முதலில் கேளுங்கள். பட்ஜெட்டில் உங்களுக்கென்று சம்பளம் போடாமல் ஒலிப்பதிவு, பயணம், வாடகை மட்டும் காட்டுவது நல்லது.

பனங்காடு:
எனக்கு ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை, நானும் ஆவணப்பட ஆய்வுதான். எனக்கு என்ன வழி?

கீழ்வானம்:
ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) முனைவர் பட்ட ஃபெலோஷிப் அறிவிப்பு வந்தால் விடாதீர்கள். மாதம் 20,000, கன்டின்ஜென்சி ஆண்டுக்கு 20,000, இரண்டு ஆண்டு. சமூக அறிவியல் நிறுவனம் என்பதால் முன்மொழிவில் கேமரா கோணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். யாருடைய உழைப்பு, என்ன கேள்வி, எப்படித் தரவு திரட்டுவீர்கள் என்று எழுதுங்கள், படத்தை ஆய்வு முறையாகக் காட்டுங்கள்.

உப்பளத்து_ஆய்வாளர்:
இன்று போய் வந்தேன். மேக்கர் இரண்டு மாதமும் பதிவிட்டிருக்கிறார். செக்கர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவருக்கு இன்னும் லாகின் வரவில்லை. என்னைப் போல இன்னும் பலருக்கும் நின்றிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து பதிவாளருக்குக் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம். ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. மதுரைக்கான கடிதத்தை நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன்.