பிரிட்டன்–ஜப்பான் பண்பாட்டு நிதி: ஒரு பெருவிழாவா, பல சிறு மானியங்களா?

வேம்படி:
இரு நாட்டு மக்களின் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கென்றே லண்டனில் இரண்டு அறக்கட்டளைகள் உள்ளன. ஒன்று 1985இல் தொடங்கிய கிரேட் பிரிட்டன் சசகாவா, மற்றது 1988இல் டைவா செக்யூரிட்டீஸ் என்ற ஜப்பானிய நிதி நிறுவனத்தின் கொடையில் உருவான டைவா. இரண்டுமே பணத்தைப் பிய்த்துப் பிய்த்துத்தான் கொடுக்கின்றன. டைவாவின் சிறு மானியம் 7,000 பவுண்டுக்குள் அடங்கிவிடும். டோக்கியோவிலிருந்து கோட்டோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் வாசிக்கும் நான்கு கலைஞர்களை அழைத்தால் விமானக் கட்டணத்திலேயே பெரும்பகுதி போய்விடும். எல்லாவற்றையும் சேர்த்து மூன்றாண்டுக்கு ஒரு பெருவிழா எடுக்கலாம். 1991 ஜப்பான் விழாவை ஒட்டி லண்டனின் ஹாலண்ட் பூங்காவில் அமைந்த கியோட்டோ தோட்டம் இன்றும் நிற்கிறதே!

தறி:
அந்தத் தோட்டம் கியோட்டோ வணிகச் சங்கத்தின் நன்கொடை, வேம்படி. பெருவிழாவென்றால் நிறுவனங்கள் தாமாகவே வரும். லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நடக்கும் ஜப்பான் மட்சுரி என்ற திருவிழாவுக்கும் விளம்பரதாரர்கள் உண்டு. வேல்ஸில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு யார் வருவார்? 2,000 பவுண்டு அங்கேதான் பேசும். மானியம் முழுச் செலவையும் தராததும் நல்லதே. மண்டபத்தையும் தங்குமிடத்தையும் உள்ளூரார் கொடுத்தால்தான் நிகழ்ச்சி நடக்கும். கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டும் கடிதம் போடுவார்கள். இலவச மண்டபத்துக்கும் சந்தை வாடகையை வரவிலும் செலவிலும் காட்டுங்கள். பலர் அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

வேம்படி:
மீதிப் பணம் உறுதியா என்று பணம் தரும் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டினால்? முடிவு வர மாதங்கள் ஆகும், அதற்குள் டிக்கெட் விலை ஏறிவிடும். முன்கூட்டியே வாங்கினாலோ, முடிவுக்கு முன் செய்த செலவென்று தள்ளிவிடுவார்கள்.

செங்கழுநீர்:
தொகையைப் பற்றியே பேசுகிறீர்கள் இருவரும். நிகழ்ச்சியைக் கவிழ்ப்பது பட்ஜெட்டில் எழுதாமல் விட்ட இனங்கள்தான்.

கோட்டோ வாசிப்பவர் வலக்கையின் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மாட்டும் நகங்கள் தந்தமாக இருக்கலாம். ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டும் மட்டையில் தந்தமோ ஆமை ஓடோ இருக்கும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின்படியான ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிபோகலாம். பிளாஸ்டிக் நகமும் மர மட்டையும் கொண்டுவரச் சொல்லி அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். ஜப்பானியருக்கு 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டனுக்குள் நுழைய மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும்.

எதிர்த்திசையில் இன்னும் மோசம். ஜப்பானில் வாசிக்கும் பிரிட்டிஷ் கலைஞரின் ஊதியத்தில் 20.42% வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கையில் 3,00,000 யென் என்று பேசியிருந்தால், அமைப்பாளர் ஒதுக்க வேண்டியது சுமார் 3,77,000. இந்த 77,000 பெரும்பாலான விண்ணப்பங்களில் இருப்பதில்லை.

வேம்படி:
என் வாதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பெருவிழா என்றால் இந்தக் காகிதம் அத்தனையையும் ஒரே அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

தறி:
அலுவலகம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வேல்ஸின் ஸ்வான்சியில் நடக்க வேண்டியதை லண்டனுக்கு இழுப்பானேன்? 1891 முதல் இயங்கும் ஜப்பான் சொசைட்டி போன்ற இடத்தில் சுங்கமும் வரியும் தெரிந்த ஒருவரை அமர்த்தினால், சிறு அமைப்புகள் எல்லாம் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

வேம்படி:
அவர் சம்பளத்தை எந்த மானியத்தில் எழுதுவீர்கள்? நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தரும் பணத்தில் நிரந்தர ஆள் வைக்க முடியாது. அறக்கட்டளைகள் முதலில் அந்த விதியை மாற்றட்டும், சிறு மானியங்களைப் பிறகு பேசுவோம்.