புதுப்பிப்பு: வீட்டிலேயே பைக் டயர் மாற்ற என்ன வாங்கினேன்

டயர் மாற்றும் ஸ்டாண்ட் வாங்கலாமா, டயரை நெம்பும் லீவர் மட்டும் போதுமா என்று மலைநாட்டு ஹட்டனிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். ஸ்டாண்ட் வாங்கவில்லை. எப்போதாவது மாற்றும் டயருக்கு அவ்வளவு பெரிய இரும்பு எதற்கு? பழைய லொறி டயரைத் தரையில் போட்டு அதன்மேல் வீலை வைத்தால் பிரேக் டிஸ்க் அடிபடாது.

வாங்கியது நீள லீவர் மூன்று, ரிம் கீறாமலிருக்க பிளாஸ்டிக் உறை, வால்வ் கோர் (காற்று வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசி) கழற்றும் கருவி, காற்றழுத்தம் பார்க்கும் பிரஷர் கேஜ். பீடை, அதாவது ரிம்மில் இறுகி உட்காரும் டயர் விளிம்பை, கழற்ற வீட்டிலிருந்த ஜி கிளாம்ப் போதும்.

இதற்குப் பலம் தேவையில்லை. லீவர் போடும் இடத்துக்கு நேரெதிரே பீடை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அமுக்கிப் பிடியுங்கள். அங்கே கிடைக்கும் தளர்வில்தான் இந்தப் பக்கம் ஏறி வரும். விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். நம்ம மார்கழிக் குளிருக்கு ரப்பர் விறைத்துக்கொள்ளும், வெயிலில் கொஞ்சம் காயவிட்டுத்தான் கை வைப்பேன்.

காற்றடிக்க கால்பம்ப் போதுமா என்று கேட்ட அண்ணனுக்கு: டியூப் டயருக்கு அது தாராளம். டியூப்லெஸ்ஸுக்கு காற்று ஒரேயடியாக வேகமாகப் போகவேண்டும். கோரைக் கழற்றிவிட்டு கம்ப்ரெஸரில் அடியுங்கள், பீட் உட்கார்ந்ததும் பூட்டுங்கள். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் காற்றழுத்த அளவை மீறவேண்டாம். சுழலும் திசை அம்புக்குறியையும் முதலே பார்த்துவிடுங்கள்.