செட் எக்ஸ்பார்ட்டி ஆனபின் அப்பா கோர்ட்டில் பேசவே முடியாதா?

சேலத்துக்காரன்:
அப்பா மேல் முன்சீப் கோர்ட்டில் புரோநோட்டு வழக்கு. சம்மன் வந்ததும் வக்காலத்து போட்டுவிட்டோம். அப்புறம் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன். எதிருரை (எங்கள் தரப்பு எழுத்துப் பதில்) போடாமலே வாய்தாக்கள் ஓடிவிட்டன. போன வாய்தாவில் செட் எக்ஸ்பார்ட்டி (பிரதிவாதி இல்லாமலே வழக்கை நடத்த உத்தரவு) செய்து, வாதி சாட்சியத்துக்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கிய 3 லட்சத்தில் 1,20,000 ரூபாயை பேங்க் மூலம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "இனி உங்களுக்கு வழக்கில் இடமே இல்லை" என்கிறது எதிர்த்தரப்பு. நிஜமா?

மதுரை வக்கீல்:
இல்லை தம்பி. அப்பாவை யாரும் வழக்கைவிட்டு வெளியே தள்ளவில்லை. 1955-லேயே சங்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அடுத்த வாய்தாவுக்குப் போனால், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்து கலந்துகொள்ளலாம். வாதி கூண்டேறினால் குறுக்கு விசாரணை செய்யலாம், கடைசியில் வாதமும் செய்யலாம்.

ஆனால் உங்களுக்கு அது போதாது. எதிருரை இல்லாவிட்டால் வாதி தரப்பின் ஓட்டையைக் காட்டலாமே தவிர, நம் கதையைச் சொல்லிச் சாட்சியம் விட முடியாது. எதிர்வாதம் நீக்கப்பட்ட வாடகைதாரர் விஷயத்தில் 1988-ல் மாடுலா இந்தியா வழக்கில் வகுத்த எல்லை அது. பணம் திருப்பிக் கொடுத்ததுதானே உங்கள் கதை? பேங்க் ஸ்டேட்மென்ட் கையில் இருந்தும் அதை எக்ஸிபிட் (சான்றாவணம்) ஆக்க முடியாமல் போகும். அதனால் செட் எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்கக் கேட்டு, சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 7-ல் மனு போடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்கள். எதிருரையையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள், வெறும் மனுவோடு போனால் "எதிருரை எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். காஸ்ட் (செலவுத் தொகை) போட்டால் கட்டிவிடுங்கள்.

சேலத்துக்காரன்:
நன்றி ஐயா. எதிருரைக்கு 90 நாள்தான் என்கிறார்களே, அது தாண்டிவிட்டது.

மதுரை வக்கீல்:
சாதாரண சிவில் வழக்கில் அது இரும்புக் கெடு இல்லை. 2005-ல் கைலாஷ் வழக்கில், தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தாமதத்தை ஏற்கலாம் என்று தீர்ப்பு வந்தது. ஆபரேஷனைவிட என்ன காரணம் வேண்டும்? வணிக வழக்கு என்றால்தான் 120 நாளோடு கதவு அடைபடும்.

தஞ்சை வாசகி:
அதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்புக்கு ஒத்திவைத்துவிட்டால்?

மதுரை வக்கீல்:
அப்போது ரூல் 7 உதவாது அம்மா, 1963-ல் தீர்ப்பான அர்ஜுன் சிங் வழக்கு அப்படிச் சொல்கிறது. தீர்ப்பு வந்தபின் டிக்ரியை (தீர்ப்பாணையை) ரத்து செய்யக் கேட்டு அதே ஆர்டரின் ரூல் 13-ல்தான் போக வேண்டும், டிக்ரி தேதியிலிருந்து 30 நாளுக்குள். சம்மனே முறையாகச் சேராதவருக்கு மட்டும் விவரம் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. இவர்கள் வக்காலத்தே போட்டுவிட்டதால் அந்தச் சலுகை கிடைக்காது. தம்பி, அடுத்த வாய்தா என்றைக்கு?